ஒரு கணினிக்கு இரு வழிகள்

இக்காலத்து அலுவலகக் கணினிகள் பலவற்றில் வலைத்தொடர்புக்கு வாயில்கள் இரண்டு உள. ஒன்று கம்பியால் இயங்கும் ஈதர்நெட். மற்றொன்று கம்பியின்றி இயங்கும் வைஃபை. இவ்விரண்டையும் ஒருங்கே பயன்படுத்தல் கூடுமோ எனின், கூடும். ஆயினும், இரண்டையும் இணைத்த அளவிலே விரைவு இருமடங்காகும் எனக் கருதுவது பொருந்தாது. அதன் காரணத்தையும் செய்யத்தக்க முறையையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவ்விரண்டும் பிறப்பால் உறவுடையன. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தார் 1971ஆம் ஆண்டில் வானொலி அலைகளால் இயக்கிய அலோகாநெட்டின் முறையை ஆராய்ந்த ராபர்ட் மெட்காஃப், 1973ஆம் ஆண்டில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஈதர்நெட்டை வகுத்தார். வைஃபைக்குரிய 802.11 என்னும் நெறி 1997ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இங்ஙனம் உறவுடையனவாயினும், கணினி இவற்றை வெவ்வேறு வாயில்களாகவே கொள்ளும். ஒவ்வொன்றிற்கும் தனி ஐ.பி. முகவரி உண்டு.

எச்செய்தி எவ்வாயிலாற் செல்லும் என்பதை வரையறுப்பது கணினியினுள் இருக்கும் வழி அட்டவணையே. விண்டோஸ் கணினியில் ‘ரூட் பிரிண்ட்’ என்னும் கட்டளையால் அதனைக் காணலாம். அதற்குரிய விதிகள் இரண்டு. இலக்கணத்தில் சிறப்புவிதி பொதுவிதியை விலக்குமாறு போல, ஓர் இடத்தைச் சிறப்பாகக் குறித்த வழி பொதுவழியை விலக்கும் என்பது முதல் விதி. ஒத்த வழிகள் இரண்டு இருப்பின், மெட்ரிக் என்னும் எண் குறைந்ததே கொள்ளப்படும் என்பது இரண்டாம் விதி. விரைவு மிக்க வாயிலுக்கு விண்டோஸ் தானே குறைந்த எண்ணைத் தரும். ஆகவே இரு பொதுவழிகள் உள்ளவிடத்து ஒன்று உழைக்க, மற்றொன்று பெரும்பாலும் வாளா இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். ஓர் அலுவலகத்தில் கணக்குச் சர்வர் 10 என்னும் எண்ணில் தொடங்கும் முகவரியுடன் கம்பிவலையில் உள்ளது; அவ்வலைக்கு இணையத்தொடர்பு இல்லை. இணையம் வைஃபையால் வருகிறது. இரண்டையும் இணைத்தவுடன் இணையப் பக்கங்கள் திறவாதொழியின், பொதுவழி கம்பியின்பாற் சென்றது என்க. அப்பொழுது கம்பி வாயிலின் அமைப்பில் கேட்வே என்னுமிடத்தை வெறுமையாக விட்டு, 10.0.0.0 என்னும் வலையை 255.0.0.0 என்னும் மாஸ்குடன் உள் ரூட்டர் வழியே செலுத்துமாறு ‘ரூட் ஆட்’ என்னும் கட்டளையாற் குறித்தல் வேண்டும். இனிக் கணக்கு கம்பியிலும், பிற யாவும் காற்றிலும் செல்லும். இரு வலைகளின் முகவரி எண்களும் ஒரே வரிசையினவாக இருத்தலாகாது. இருப்பின் கணினி வேறுபாடு அறியாது மயங்கும்.

இனி, இம்முறையால் விளையக்கூடிய தீங்கும் கருதத்தக்கது. உள்வலையை வெளியினின்று பிரித்து வைத்தது, ஊழியர் ஊதியமும் மக்கள் விவரமும் பிறர் கைப்படாமற் காத்தற்பொருட்டே. இரு வலைகளிலும் நிற்கும் கணினி, கோட்டைக்குத் திறந்துவிட்ட திட்டிவாசலை ஒக்கும். வெளியிலிருந்து புகுந்த ஒரு தீய நிரல் அதன் வழியே உள்ளே பரவக்கூடும். ஆகலின், இரு இணைப்புகளையும் பிரிட்ஜ் என்னும் அமைப்பால் ஒன்றாக்குதல் ஒருபோதும் தகாது. வலையைக் காக்கும் பொறுப்பாளரின் இசைவின்றி இவ்வேற்பாட்டைச் செய்தலும் தகாது.

வழி இரண்டு பெறுதல் எளிது. எதற்கு எவ்வழி என வகுத்துக்கொள்வதே அறிவுடைமை. அவ்வழியே பிறர் உடைமைக்கு ஊறு வாராமற் காப்பது கடமை.