மிதிவண்டிக்கு ஓர் இடம்: திருப்பூரை முன்வைத்து ஓர் ஆய்வு

ஊர் வளர்கிறது என்றால் சாலை அகலமாகிறது, பாலம் எழுகிறது, பேருந்து நிலையம் பெரிதாகிறது என்றே நாம் பொருள் கொள்கிறோம். ஓடும் வண்டிக்கு வழி வகுப்பதில் காட்டும் அக்கறையை, நிற்கும் வண்டிக்கு இடம் வகுப்பதில் நாம் காட்டுவதில்லை. ஆனால் தொழிலாளியின் மிதிவண்டி காலையில் அரை மணியும் இரவில் அரை மணியுமே ஓடுகிறது. எஞ்சிய பொழுதெல்லாம் அது எங்கேனும் நின்றாக வேண்டும். அந்த 'எங்கேனும்' எப்படி அமைய வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

தமிழ்நாட்டில் மிதிவண்டி எனவும், இலங்கையில் துவிச்சக்கர வண்டி எனவும், தனித்தமிழ் ஆர்வலரால் ஈருருளி எனவும் வழங்கப்பெறும் இவ்வூர்தியை நம் மக்கள் சைக்கிள் என்றே அழைக்கின்றனர். அதை வைக்கும் இடத்துக்கு அவர்கள் வழங்கும் பெயர் 'சைக்கிள் ஸ்டாண்டு'. வண்டியின் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் இரும்புக் காலுக்கும் ஸ்டாண்டு என்பதே பெயர். முன்னது காக்கிறது, பின்னது தாங்குகிறது. தாங்குதல், காத்தல் என்னும் இவ்விரண்டுமே நல்ல நிறுத்துமிடத்தின் இலக்கணம் எனலாம்.

திருப்பூரின் தனித்தன்மை

1920களில் இவ்வூரில் வேர்கொண்ட பின்னலாடைத் தொழில், 1980களில் ஏற்றுமதியால் பெருகியது. எனினும் ஒரே மதிலுக்குள் அடங்கிய பேராலையாக மட்டும் அது வளரவில்லை. நூல் ஓரிடத்தில் துணியாகிறது, வேறோரிடத்தில் சாயமேறுகிறது, பிறிதோரிடத்தில் வெட்டப்பட்டுத் தைக்கப்படுகிறது. பல்லடம் சாலை, அவிநாசி சாலை, காங்கயம் சாலை, ஊத்துக்குளி சாலை ஆகியவற்றின் கிளைச் சந்துகளிலெல்லாம் சிறு பனியன் கம்பெனிகள் நிறைந்துள்ளன.

இதன் விளைவு யாது? பேராலை எனின் அதன் வாயிலில் ஒரு கொட்டகை போதும். திருப்பூரிலோ வண்டிகள் நூற்றுக்கணக்கான சிறு வாயில்களில் சிதறி நிற்கின்றன. பத்தடிச் சந்தில் இருபது மிதிவண்டிகள் நின்றால் துணி ஏற்றிவரும் டெம்போவுக்கு வழியில்லை. அவற்றை ஒதுக்கி ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்தால், மிதிகட்டை கம்பிக்குள் நுழைந்து இரண்டும் கெடுகின்றன.

இன்று மொபெட்டும் மோட்டார் சைக்கிளும் கம்பெனி வேனும் பெருகியுள்ளன என்பது உண்மையே. ஆயினும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து வந்து உழைப்போரும், சிறு கூலி பெறுவோரும் இன்னும் மிதிவண்டியை நம்புகின்றனர். ஒன்றரை ஷிப்டு முடிந்து இரவு வெளியே வரும் ஒருவர் தம் வண்டியைக் காணாவிடில் இழப்பது இரும்பை மட்டுமன்று. மறுநாள் நேரத்துக்கு வேலைக்குச் சேரும் வழியையும் சேர்த்தே இழக்கிறார். அவர் பெண்ணாயின், இருளில் நடந்து வீடு சேரும் அச்சமும் உடன் சேர்கிறது.

சட்டமும் திட்டமும் விட்ட இடைவெளி

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தொழிலாளர் நலத்துக்கெனப் பல வசதிகளை வகுத்தது. 250 பேருக்கு மேல் பணியாற்றும் இடத்தில் உணவகமும், 150 பேருக்கு மேல் பணியாற்றும் இடத்தில் இளைப்பாறும் அறையும் அதில் பேசப்பட்டன. தொழிலாளி ஏறிவந்த வண்டியை நிறுத்த ஓர் இடம் வேண்டும் என்னும் பிரிவு அதில் இடம்பெறவில்லை.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கம் பல்லாயிரம் கிராமப் பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டக் கற்றுத் தந்தது. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியர்க்கென அரசு தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், 2005-06 முதல் அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளின் பதினொன்றாம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் விரிந்தது. ஓட்டக் கற்றுத் தந்தோம், வண்டியும் தந்தோம், அதை வைக்க இடம் தந்தோமா என்பதே நம்முன் நிற்கும் வினா.

நல்ல நிறுத்துமிடத்தின் கூறுகள்

முதலாவது, அண்மை. மிதிவண்டியில் வருபவர் வாயிலை நாடியே வருவார். நூறடி தள்ளிக் கொட்டகை அமைத்தால் அது வெறுமையாகக் கிடக்கும். வண்டிகள் வாயிலிலேயே நிற்கும்.

இரண்டாவது, தளம். நம் நாட்டுக் கனத்த மிதிவண்டிக்குத் தன் காலே தாங்கு. ஆனால் மண் தரையில் மழைக்காலத்தில் அக்கால் புதையும். ஒரு வண்டி விழ, வரிசை முழுவதும் விழும். ஆகவே சமமான, கெட்டியான, நீர் வடியும் தளம் வேண்டும். முன்சக்கரத்தை மட்டும் கவ்வும் பள்ளங்களும் கம்பிச் சட்டங்களும் விலை குறைந்தவை. வண்டி சாயும்போது அவை சக்கரத்தையே வளைத்துவிடும். தலைகீழ் 'ப' வடிவில் வளைத்துத் தரையில் ஊன்றிய இரும்புக் குழாயே ஏற்றது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரின் பெயரால் வழங்கும் இவ்வமைப்பில், ஒரு குழாயின் இருபுறமும் இரு வண்டிகளைச் சாய்த்துப் பூட்டலாம்.

மூன்றாவது, பூட்டு. பின்சக்கர வளையப் பூட்டு வண்டியை உருட்டவிடாது. தூக்கிச் செல்வதைத் தடுக்காது. நிலையான குழாயுடன் சங்கிலியால் பிணைத்தால்தான் காவல் நிறைவுறும்.

நான்காவது, அளவு. வண்டியின் நீளம் ஏறத்தாழ இரண்டு மீட்டர். கைப்பிடியின் அகலம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். ஒரு காருக்கென ஒதுக்கும் 5 மீட்டர் நீளமும் 2.5 மீட்டர் அகலமும் கொண்ட இடத்தில் எட்டு மிதிவண்டிகளை வரிசையாக நிறுத்தலாம். இடமில்லை என்னும் மறுமொழி இக்கணக்கின் முன் நில்லாது.

ஐந்தாவது, கூரையும் ஒளியும். வெயில் டயரைக் கெடுக்கும். மழை சங்கிலியைத் துருப்பிடிக்கச் செய்யும். இருட்டு திருடனுக்குத் துணை நிற்கும்.

ஆறாவது, தனி இடம். மோட்டார் சைக்கிளோடு கலந்து நிறுத்தினால் எடை குறைந்த மிதிவண்டியே ஓரத்துக்குத் தள்ளப்படும். கட்டணமும் வேறாக இருத்தல் வேண்டும்.

பிறநாட்டுப் படிப்பினை

இரயில் நிலைய வாயில்களில் மிதிவண்டிகள் குவிந்து வழியை அடைத்தபோது ஜப்பான் 1980இல் அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றி, நிறுத்துமிடம் அமைப்பதைப் பொதுப் பொறுப்பாக்கியது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் இரயில் நிலையத்தில் 2019இல் முழுமை பெற்ற நிறுத்தகம் 12,500 மிதிவண்டிகளை ஏற்கிறது. முதல் 24 மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. அவ்வளவு பெரிய கட்டடம் நமக்கு வேண்டுவதில்லை. மிதிவண்டியில் வருபவரை இடையூறாகக் கருதாமல் குடிமகனாகக் கருதும் அந்த மனமே வேண்டுவது.

நாம் செய்யக்கூடியவை

கட்டுமுன் எண்ணுதல் வேண்டும். வேலைநாள் ஒன்றில் காலை பத்து மணிக்கும், கூலி கைக்கு வந்து கடைவீதி நிறையும் சனிக்கிழமை மாலையிலும், எந்தெந்தத் தெருவில் எத்தனை மிதிவண்டிகள் நிற்கின்றன எனக் குறித்துக்கொள்ளலாம். மின்கம்பத்திலும் சன்னல் கம்பியிலும் பூட்டிய வண்டிகளைத் தனியே எண்ணல் வேண்டும். இடம் தேவைப்படுவது எங்கே என்பதை அவையே சுட்டும். இரயில் நிலையம், பழைய, புதிய பேருந்து நிலையங்கள், காதர்பேட்டைக் கடைகள் ஆகியவற்றோடு, வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசல் வாயிலும் திருவிழாக் காலக் கோயில் வாயிலும் இக்கணக்கில் சேர்தல் நன்று. இப்பணியை நம் மாணவர்களே செய்யலாம்.

அடுத்து, ஒரு சந்திலுள்ள ஐந்தாறு கம்பெனிகள் கூடி ஒரு பொதுக் கொட்டகையும் ஒரு காவலாளியும் அமைத்துக்கொள்ளலாம். தனித்தனியே எவர்க்கும் இயலாதது சேர்ந்தால் எளிதாகும். 2017இல் சீர்மிகு நகரத் திட்டத்துக்குத் தேர்வான மாநகரம் இது. இங்கே எழும் வாகன நிறுத்தகங்களில் மிதிவண்டிக்கு எத்தனை இடம் என்று குடிமக்கள் கேட்பது முறையே.

இறுதியாக, கல்வி நிலையங்கள் தம் வளாகத்திலிருந்தே தொடங்கலாம். காருக்கு நிழலும் மிதிவண்டிக்கு வெயிலும் ஒதுக்கும் இடத்தில் மாணவர் கற்கும் பாடம் நூலில் உள்ள பாடமன்று. வெகுதொலைவு மிதித்து வரும் மாணவனின் வண்டி வாயிலுக்கு அருகே, கூரையின் கீழ் நிற்கட்டும். அவன் உழைப்பை நாம் மதிக்கிறோம் என்பதற்கு அதுவே சான்றாகும்.