நான்காம் டிவிஷனில் தொடங்குங்கள்

வேலையில் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தவரிடம் ஒருநாள் குழுவை ஒப்படைப்பார்கள். அதுவரை தன் கையால் முடித்ததை இனி பிறரை வைத்து முடிக்க வேண்டும். அந்த நாளுக்குத் தயாராகிறவர்கள் கால்பந்து மேலாளர் ஜான் டொஷாக் நடந்த பாதையைக் கவனமாகப் பார்க்கலாம்.

கார்டிஃப்பில் பிறந்த வேல்ஸ்காரர். 1970-ல் 1,10,000 பவுண்டுக்கு லிவர்பூலுக்குப் போனார். கெவின் கீகனோடு சேர்ந்து முன்வரிசையில் ஆடி, மூன்று லீக் பட்டங்களை வென்ற அணிகளில் இருந்தார். காயங்கள் தொடர்ந்தபோது, பெரிய கிளப்பின் நிழலில் ஒதுங்கிக் காலம் தள்ளவில்லை. 1978 மார்ச்சில், 28 வயதில், ஸ்வான்ஸீயின் ஆட்டக்கார மேலாளரானார். அப்போது அது நான்காம் டிவிஷன் அணி, அதாவது இங்கிலாந்து லீக்கின் கடைசிப் படி.

பலர் தயங்கும் இடம் இதுதான். பெரிய நிறுவனத்தின் அடையாள அட்டையை விட மனம் வராது. ஆனால் யாரை எடுப்பது, யாரை உட்கார வைப்பது என்று முடிவு செய்யும் அதிகாரம் அங்கே பத்து வருடம் கழித்துத்தான் வரும். சின்ன இடம் அதை முதல் வாரமே தருகிறது; தவறினால் விளைவும் உங்கள் தலையில்தான். மேலாண்மை அப்படித்தான் படியும். சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் போங்கள்.

போனதும் முதல் வேலை, ஏற்கெனவே இருப்பவர்களை மதிப்பது. டொஷாக்குக்கு முன் மேலாளராக இருந்த ஹாரி கிரிஃபித்ஸ் அவருக்குத் துணையாளராகத் தொடர்ந்தார். அந்த அணியின் உள்ளூர் இளைஞர்கள் பலரை வளர்த்தவர் அவர். அணி மூன்றாம் டிவிஷனுக்கு ஏறுவது உறுதியாகும் முன்பே, ஏப்ரலில் மாரடைப்பில் இறந்துபோனார். அந்த ஏற்றத்தில் அவருக்குப் பெரிய பங்குண்டு. நீங்கள் பொறுப்பேற்கும் குழுவையும் யாரோ ஒருவர் கட்டியிருப்பார். அவர் பெயரைக் கூட்டத்தில் சொல்லுங்கள்; அவருக்குத் தெரிந்ததைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்கு பருவங்களில் மூன்று ஏற்றங்கள். 1981-ல் முதல் டிவிஷன். அங்கே முதல் ஆட்டத்தில் லீட்ஸ் அணியை 5-1 என்று வீழ்த்தினார்கள். அந்தப் பருவம் ஆறாம் இடத்தில் முடிந்தது. ஆனால் வளர்ச்சிக்குச் செலவழித்த வேகத்துக்கு வருமானம் ஈடுகொடுக்கவில்லை. 1983-ல் அணி இறங்கியது, 1984-ல் டொஷாக் நீக்கப்பட்டார், 1986-ல் கிளப் மறுபடி நான்காம் டிவிஷனில் நின்றது. அந்தச் சரிவு முழுவதையும் அவர் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. ஆனாலும் மேலாளராகிறவர் ஆளெடுக்கும் முன் வரவு செலவைக் கேட்டுப் படித்தே ஆக வேண்டும். அடுத்த வருடம் வருமானம் குறைந்தால் இந்தச் சம்பளத்தைக் கொடுக்க முடியுமா? நிதிப் பிரிவிடம் இதை நேராகக் கேளுங்கள்.

வேலை போன பிறகு அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பிரிட்டனிலேயே காத்திருக்காமல் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கிளப்புக்குப் போனார். பிறகு ஸ்பெயினின் பாஸ்க் நாட்டில் ரியல் சோசிடாட். ஸ்பானிய மொழியைக் கற்றுச் சரளமாகப் பேசினார். 1987-ல் ஸ்பானியக் கோப்பை அவர் கைக்கு வந்தது. 1989-90-ல் ரியல் மாட்ரிட் அவர் பொறுப்பில் 38 ஆட்டங்களில் 107 கோல் அடித்து லீக்கை வென்றது. 2015-ல், 66 வயதில், மொராக்கோவில் விதாத் அணியோடு இன்னொரு லீக் பட்டம். புது ஊருக்கு வேலைக்குப் போகிறவர்கள் அந்த ஊர் மொழியை முதல் மாதமே தொடங்கிவிட வேண்டும். மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கண்டிக்கலாம், தேற்ற முடியாது.

தோற்ற மறுநாள் பத்துப் பேரை மாற்றும் எண்ணம் வரும், வாரம் நகர நகர அது குறையும், சனிக்கிழமை அதே பதினொரு பேர்தான் ஆடுவார்கள் என்று அவர் ஒருமுறை சொன்னார். கோபம் ஆறும்வரை ஆள்மாற்றம் எதையும் அறிவிக்காதீர்கள். விமர்சனத்தை அறைக்குள்ளேயே பேசுங்கள். 1999-ல், மாட்ரிடில் இரண்டாம் முறை மேலாளராக இருந்தபோது, தன் வீரர்களைப் பத்திரிகைகளிடம் குறைசொன்னார். திரும்பப் பெறவும் மறுத்தார். நவம்பரில் வேலை போனது.

இளையவர்களை நம்புவதும் அவர் வழக்கம். அதே ஆண்டு செப்டம்பரில்தான் 18 வயது இகர் காசியாஸை மாட்ரிடின் கோல்காப்பாளராக முதன்முதலாக நிறுத்தியிருந்தார். 2004 முதல் 2010 வரை வேல்ஸ் தேசிய அணியை நடத்தினார். அணி எந்தப் பெரிய போட்டிக்கும் தகுதி பெறவில்லை. ஆனால் 16 வயது கேரத் பேலும் 17 வயது ஆரன் ராம்சியும் அவர் காலத்தில்தான் முதல் ஆட்டம் ஆடினார்கள். 2016 யூரோ அரையிறுதிக்கு வேல்ஸ் போனபோது அணியின் தூண்கள் அவர்களே. டொஷாக்கையும் கார்டிஃப் சிட்டி 16 வயதிலேயே களமிறக்கியிருந்தது. அடுத்த பணிப்பட்டியல் போடும்போது முக்கியமான ஒரு வேலையைக் குழுவின் இளையவர் பெயரில் எழுதுங்கள். முடியும்வரை குறுக்கே போகாதீர்கள்.