'கசடதபற' என்றால் என்ன?

கேள்வி: பரணைச் சுத்தம் செய்தபோது, அப்பா சேர்த்து வைத்திருந்த பழைய இதழ்கள் ஒரு கட்டு கிடைத்தது. பெயர் 'கசடதபற'. 'கசடற' என்பதுபோல ஒலிப்பதால், குற்றமற்ற இதழ் என்று பொருளா என்று என் மகள் கேட்கிறாள். ஏன் இப்படியொரு பெயர்?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: மகளுக்கு என் பாராட்டு. ஆனால் அந்தப் பெயருக்கும் கசடுக்கும் தொடர்பில்லை. அவர் பள்ளியில் ஒப்பித்திருப்பாரே, க, ச, ட, த, ப, ற என்று, அந்த வல்லின எழுத்துகள் ஆறும்தான் பெயர். அட்டையைப் பாருங்கள், 'வல்லின மாத ஏடு' என்று போட்டிருப்பார்கள்.

சென்னையில் 1970 அக்டோபரில் முதல் இதழ் வந்தது. ஆசிரியர் ந. கிருஷ்ணமூர்த்தி. ஞானக்கூத்தன், சா. கந்தசாமி, ந. முத்துசாமி, க்ரியா ராமகிருஷ்ணன் என்று உடன் நின்றவர்கள் எல்லாரும் அப்போது இளைஞர்கள். குழைவும் கண்ணீருமாகக் கதைகள் விற்றுக்கொண்டிருந்த காலம் அது. நாங்கள் அழுத்திப் பேசுவோம் என்று சொல்ல அவர்களுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. அதை அரிச்சுவடியிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள்.

பெயரை மகளோடு சேர்ந்து மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். 'க' அடிநாக்கில் பிறக்கும். 'ச' நடு அண்ணத்துக்கு வரும். 'ட' சொல்லும்போது நாக்கு மேலே மடியும். 'த' பல்லைத் தொடும். 'ப'வில் உதடு மூடித் திறக்கும். பிறகு 'ற' உங்களை மறுபடி வாய்க்குள் இழுத்துக்கொள்ளும். வல்லினத்துக்குப் பிறப்பிடம் மார்பு என்கிறது நன்னூல். மெல்லினத்துக்கு மூக்கு, இடையினத்துக்குக் கழுத்து. நெஞ்சிலிருந்து வரும் எழுத்துகளைப் பெயராக்கிய இதழ் என்று மகளிடம் தாராளமாகச் சொல்லலாம்.

இன்னொன்றும் எனக்குத் தோன்றும். சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் தொடங்கி, கைப்பணத்தை இழந்து நடத்திய இதழின் பெயர் 'எழுத்து'. அது 1970இல் நின்றது. அதே ஆண்டில் வந்தவர்கள் எழுத்துகளில் ஆறை மட்டும் பொறுக்கிக்கொண்டார்கள். திட்டமிட்டுச் செய்தார்களோ என்னவோ, முந்தைய தலைமுறைக்குச் சொன்ன பதில் போலவே எனக்கு அது படுகிறது. இடையில் 1968இல் சி. மணி சேலத்திலிருந்து கொண்டுவந்த இதழுக்கு 'நடை' என்று பெயர். நடப்பதும் நடைதான், உரைநடையும் நடைதான். சிற்றிதழ்க்காரர்கள் பெயருக்காக எவ்வளவு யோசித்திருக்கிறார்கள்! மலேசியாவில் 'வல்லினம்' என்ற பெயரிலேயே ஓர் இதழ் நடக்கிறது.

'கசடதபற' சில ஆண்டுகளே வந்தது. அச்சானதும் குறைவு, தப்பிப் பிழைத்த படிகள் அதைவிடக் குறைவு. அப்பாவின் கட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். வீட்டில் வைத்துக்கொள்ள முடியாவிட்டால், சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒரு வார்த்தை எழுதிக் கேளுங்கள்.