ஹியாவதா: இறக்கத்திலேயே ஒரு முழு நாள்

24 கிலோமீட்டர், கிட்டத்தட்ட முழுக்க இறக்கம். எங்கும் நிற்காமல் விட்டால் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அமெரிக்காவின் மான்டானா, ஐடஹோ மாநில எல்லையில் பிட்டர்ரூட் மலைத்தொடருக்குள் ஓடும் ஹியாவதா பாதையைப் பலரும் அப்படித்தான் ஓட்டி முடிக்கிறார்கள். அவ்வளவு தூரம் போய்விட்டு அப்படிச் செய்வது வீண். ஒரு முழு நாளை இதற்கு எப்படிக் கொடுப்பது என்று சொல்கிறேன்.

முதலில் பாதையைப் பற்றி. மில்வாக்கி ரோடு என்ற ரயில் நிறுவனம் பசிபிக் கடற்கரைக்குப் போகப் போட்ட தடம் இது. நிறுவனம் நொடித்து, 1980இல் இங்கே ரயில் நின்றது. தண்டவாளத்தைப் பெயர்த்துச் சரளை போட்டு 1998இல் சைக்கிளுக்குத் திறந்தார்கள். ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால், நூறு மீட்டர் போனால் இரண்டு மீட்டருக்கும் குறைவாகவே தடம் இறங்குகிறது. ஆகவே எட்டு வயதுப் பிள்ளையும் முட்டி வலிக்காரரும் சேர்ந்தே போகலாம்.

முதல் நாளே முடிக்க வேண்டியவை

பாதை மே மாதக் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரைதான் திறந்திருக்கும். நுழைவுச் சீட்டு வேண்டும். பஸ்ஸில் திரும்ப அதற்குத் தனிச் சீட்டு. இரண்டையும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். லுக்அவுட் பாஸ் பனிச்சறுக்கு மையத்தில் சீட்டும் கிடைக்கும், வாடகை சைக்கிளும் கிடைக்கும். சொந்த சைக்கிள் என்றால் அகல டயர் உள்ளதைக் கொண்டு போங்கள். மெல்லிய டயர் சரளையில் வழுக்கும்.

ஹெல்மெட்டும் முன்விளக்கும் கட்டாயம். போன் டார்ச் போதும் என்று நினைக்காதீர்கள். வெளிச்சம் நன்றாகப் பாயும் சைக்கிள் விளக்கை முழுசாக சார்ஜ் செய்துகொள்ளுங்கள். குளிர் தாங்கும் ஜாக்கெட், மாற்று பனியன், தண்ணீர் வேண்டும். கட்டுச்சோறும் கட்டிக்கொள்ளுங்கள், வழியில் ஓட்டல் கிடையாது. எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் இதற்கு மிகப் பொருத்தம், குலுங்கினாலும் கெடாது.

நேரத்தில் ஒரு குழப்பம் வரும். கிளம்பும் இடம் மான்டானாவில்; அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். பாதையின் அட்டவணையோ ஐடஹோ பக்கத்துப் பசிபிக் நேரப்படி. உங்கள் போன் எந்த நேரத்தைக் காட்டுகிறது என்று காலையிலேயே பார்த்துவிடுங்கள்.

சுரங்கம்

மேல்முனையின் பெயர் ஈஸ்ட் போர்ட்டல். சைக்கிளில் ஏறிய கொஞ்ச நேரத்திலேயே டாஃப்ட் சுரங்கம் வாயைத் திறந்து நிற்கும். நீளம் 8,771 அடி, அதாவது இரண்டரைக் கிலோமீட்டருக்கும் மேல். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே சுமார் 8 டிகிரி செல்சியஸ்தான். ஜாக்கெட்டை வாசலிலேயே போட்டுக்கொள்ளுங்கள்; இருட்டில் நின்று பையைத் துழாவுவது பின்னால் வருபவருக்கு ஆபத்து.

உள்ளே இரு ஓரமும் தண்ணீர் ஓடும் கால்வாய்கள். வலப்பக்கமாகவே போங்கள், ஆனால் சுவரை ஒட்டிப் போகாதீர்கள், சக்கரம் கால்வாயில் இறங்கிவிடும். குழந்தைகளை நடுவில் விட்டு, முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒருவர். பயந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு நடக்கட்டும். மாநில எல்லை சுரங்கத்துக்குள்தான் இருக்கிறது. நுழைவது மான்டானா, வெளியேறுவது ஐடஹோ. வெளியே வந்ததும் பக்கத்தில் அருவி விழும். நனைந்த பனியனை அங்கே மாற்றிக்கொள்ளலாம்.

இறக்கம்

இனி ஒன்பது சிறிய சுரங்கங்களும், பள்ளத்தாக்குகளுக்கு மேலே எஃகுக் கால்களில் நிற்கும் ஏழு பாலங்களும். கெல்லி கிரீக் பாலம் 230 அடி உயரம், 850 அடி நீளம். பாலத்தின் நடுவில் நிற்க ஆசைப்பட்டால் சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு நில்லுங்கள். பின்னால் வருபவர்களுக்கு வழி வேண்டும்.

வேகத்தை ஏறவிட்டுப் பிறகு அழுத்திப் பிடிக்காதீர்கள். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, விட்டு விட்டுப் பிடியுங்கள். வளைவுக்கு முன்பே குறைத்துவிடுங்கள். இதே இறக்கத்தை ரயில்காரர்கள் வீணாக்கவில்லை. 1910களிலேயே இந்த மலைப்பிரிவை மின்மயமாக்கினார்கள். இறங்கும் எஞ்சினின் மோட்டார்களே மின்சாரம் தயாரித்து மேலே உள்ள கம்பிக்குத் திருப்பித் தந்தன. இன்றைய மின்சாரக் கார்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் வித்தை, நூறு வருஷத்துக்கு முன்பே இந்த மலையில் நடந்தது.

வழியெங்கும் தகவல் பலகைகள் உண்டு. எல்லாவற்றையும் படிக்க முடியாது; 1910 ஆகஸ்ட் காட்டுத்தீ பற்றியவற்றை மட்டும் தவறவிடாதீர்கள். இரண்டே நாளில் சுமார் 30 லட்சம் ஏக்கர் எரிந்தது. ரயில் ஓட்டுநர்கள் தொழிலாளிகளையும் குடும்பங்களையும் பெட்டிகளில் ஏற்றி, எரியும் பாலங்கள் வழியாக ஓட்டிப்போய் இந்தச் சுரங்கங்களுக்குள் நிறுத்திக் காப்பாற்றினார்கள். சற்றுமுன் நீங்கள் குளிரில் நடுங்கிய இருட்டுக்கு அப்படியொரு பயன் இருந்திருக்கிறது. சாப்பாட்டை இந்தப் பகுதியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் உட்காருங்கள், அவசரமே இல்லை.

திரும்புதல்

கீழ்முனை பியர்சன். பஸ் உங்களையும் சைக்கிளையும் மேலே ஏற்றிச் செல்லும், ஆனால் டாஃப்ட் சுரங்கத்தின் ஐடஹோ வாசல் வரைதான். கார் நிற்பது மறுபக்கம். சுரங்கத்தை இன்னொரு முறை கடந்தாக வேண்டும், விளக்கில் அதற்கு சார்ஜ் மிச்சம் இருக்கட்டும். கடைசி பஸ்ஸை நம்பி இருக்காதீர்கள். அதற்கு முந்தியதைக் குறிவைத்துப் போய்ச் சேருங்கள். கால்பலம் உள்ளவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு, ஏறியே திரும்பலாம். சரிவு மென்மையானது, மூச்சு வாங்கும், முட்டி பிடிக்காது. எனக்கு ஏற்றம்தான் அதிகம் பிடிக்கும், இறங்கும்போது கண்ணில் படாத காட்டுப்பூவெல்லாம் அப்போதுதான் தெரியும்.

சியாட்டில் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு இது ஐ-90 நெடுஞ்சாலையில் நேராகக் கிழக்கே ஐந்தரை, ஆறு மணி நேரக் கார்ப் பயணம். முதல் நாள் இரவு வாலஸ் ஊரில் தங்கிக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறைத் தவிர்த்து வார நாளில் போங்கள். பாலத்தில் நிற்க இடம் கிடைக்கும்.