மருத்துவரும் தகவல் வெள்ளமும்

அறியாமையால் நேரும் தவறு ஒருவகை. அறிய வேண்டியவை அளவிறந்து பெருகுவதால் நேரும் தவறு மற்றொருவகை. இன்றைய மருத்துவர் இவ்விரண்டிற்கும் அஞ்ச வேண்டியவராக உள்ளார். 1996ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பப்மெட் என்னும் மருத்துவ நூலடைவில் இன்று 3.5 கோடிக்கு மேற்பட்ட கட்டுரைக் குறிப்புகள் உள்ளன. வாழ்நாள் முழுவதும் படித்தாலும் இவற்றில் ஒரு சிறு பகுதியையே ஒருவர் எட்ட இயலும். ஆயினும், மருத்துவர் அறிய வேண்டியதை அறிந்திருப்பார் என்று நம்பியே நோயாளி அவரை நாடுகிறார். அந்நம்பிக்கையைக் காப்பது எங்ஙனம்?

புதைந்து கிடந்த உண்மை

1972ஆம் ஆண்டு நியூசிலாந்து நாட்டின் ஆக்லாந்து நகரில் லிகின்ஸ், ஹோவி என்னும் இரு மருத்துவர்கள் ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டனர். குறைமாதப் பேறு நேரக்கூடிய தாய்க்கு முன்னதாகவே ஸ்டீராய்டு ஊசி செலுத்தினால், குழந்தையின் நுரையீரல் விரைந்து முதிர்கிறது; மூச்சுத் திணறலும் இறப்பும் குறைகின்றன என்பதே அதன் சாரம். தொடர்ந்து வந்த ஆய்வுகள் பல இதழ்களில் சிதறிக் கிடந்தன. அவற்றுட் சில, தனித்து நோக்குமிடத்து ஐயத்திற்கு இடமளித்தன. அனைத்தையும் ஒருங்கு தொகுத்து எடையிட்ட பின்னரே உண்மை தெளிவுற்றது. அமெரிக்க வல்லுநர் குழு இம்முறையைப் பரிந்துரைத்தது 1994இல்தான். இடைப்பட்ட 22 ஆண்டுகளில், காப்பாற்றியிருக்கக்கூடிய குழந்தைகள் பலர் மாண்டனர். மருந்தும் இருந்தது, சான்றும் இருந்தது. சான்றைத் திரட்டி உரியவரிடம் சேர்க்கும் முறையே இல்லாதிருந்தது. 1993இல் பிறந்த காக்ரேன் கூட்டமைப்பு, அவ்வாய்வுத் தொகுப்பின் வரைபடத்தையே தன் சின்னமாகக் கொண்டிருப்பது கருதத்தக்கது.

வெள்ளத்திற்கு அணை

முதலாவது, தொகுத்தறிதல். தனிக் கட்டுரைகளைத் தேடி அலையாது, முறைப்படி தொகுக்கப்பெற்ற ஆய்வுரைகளையும் சிகிச்சை நெறிமுறைகளையும் நாடுதல் வேண்டும்.

இரண்டாவது, வினாவிலிருந்து தொடங்குதல். எதிரே அமர்ந்துள்ள நோயாளியின் வயது, நோய், முன்பே உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றை வைத்து வினாவை வரையறுத்துக்கொண்டால், படிக்க வேண்டியது சுருங்கும்.

மூன்றாவது, நினைவை மட்டும் நம்பாமை. உலக நலவாழ்வு நிறுவனம் 2008இல் அறுவை சிகிச்சைக்கென 19 வினாக்கள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. புதுதில்லி உள்ளிட்ட 8 நகரங்களின் மருத்துவமனைகளில் அதனைக் கையாண்டபோது இறப்பு 100க்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆகக் குறைந்ததாக 2009இல் ஆய்வு கூறிற்று. ஆனால் கனடாவின் ஒன்ராறியோ மாநிலத்தில் நிகழ்ந்த, 2014இல் வெளியான ஆய்வில் அத்தகைய பயன் புலப்படவில்லை. எனவே, தாளில் குறியிடுவது வேறு. மனம் ஒன்றிச் சரிபார்ப்பது வேறு என உணர்தல் நன்று.

சட்டம் கூறுவது

ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இல் தீர்ப்பளித்த இந்திய உச்சநீதிமன்றம், மருத்துவர் தம் துறையின் உச்ச நிலைத் திறனைப் பெற்றிருக்க வேண்டுமென எதிர்பார்க்கவில்லை. அக்காலத்தில் ஏற்கப்பெற்ற முறையைப் பின்பற்றியவரை, வேறொரு சிறந்த முறை இருந்தது என்பதனாலேயே குற்றவாளி ஆக்கவும் இல்லை. இயல்பான திறனும் நியாயமான கவனமும் உண்டா என்பதே அளவுகோல்.

முடிவுரை

அனைத்தையும் அறிந்தவர் எவருமிலர். அறியாதது இன்னதென அறிந்து, தேடிப் பார்த்து, வல்லாரைக் கலந்து, செய்ததை எழுதி வைப்பவரே நல்ல மருத்துவர். மருத்துவக் கல்விக்கு விழையும் மாணவர்கள் இதனை நெஞ்சிற் கொள்வார்களாக. "பார்த்துச் சொல்கிறேன்" எனும் மருத்துவரைக் குறைத்து எண்ணாதிருப்பது நோயாளிகளாகிய நம் கடமையுமாகும்.