அவதூறு வந்தால் என்ன செய்வது? புதிய விசுவாசிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சபையின் காணிக்கைக் கணக்கை நீங்கள் பார்த்து வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும், கட்டட நிதியில் நீங்கள் கை வைத்துவிட்டதாக ஒரு பேச்சு காதில் விழுகிறது. கிளப்பிவிட்டவர் உங்களோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவர். பகைவரை நேசிக்கும்படி இயேசு சொன்னது (மத்தேயு 5) நமக்குத் தெரியும். அதை எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறோம். சேர்ந்தே போவோம், வாருங்கள்.

எது நேசம்?

நேசிப்பது என்றால் பொய்யை ஒப்புக்கொள்வது அல்ல. பிரதான ஆசாரியன் முன்னால் ஒரு சேவகன் அறைந்தபோது இயேசு திருப்பி அடிக்கவில்லை. ஆனால், தாம் தவறாகப் பேசியிருந்தால் அதை நிரூபிக்கும்படி கேட்டார் (யோவான் 18). ஏரோது துருவித் துருவிக் கேட்டபோதோ வாயே திறக்கவில்லை (லூக்கா 23). ஏரோது அற்புதத்தை வேடிக்கை பார்க்க விரும்பியவன். உண்மை தேவைப்படும் இடத்தில் பேசுவோம். வேடிக்கை தேடும் இடத்தில் பேசாமல் இருப்போம்.

முதல் படி: எழுதிப் பார்ப்பது

அன்றே பதில் சொல்ல வேண்டாம். ஒரு தாளில் குற்றச்சாட்டைக் கேட்ட சொற்களிலேயே எழுதுவோம். அதில் எது உண்மை, எது பொய் என்று பிரிப்போம்.

இதைப் பவுலிடம் கற்கலாம். செசரியாவில் ஆளுநர் பேலிக்ஸ் முன் நின்றபோது (அப்போஸ்தலர் 24) கலகம் மூட்டியதாகச் சொன்னதை மறுத்தார். எருசலேமுக்கு வந்து 12 நாள்தான் ஆகிறது, விசாரித்துக்கொள்ளலாம் என்றார். எதிராளிகள் பழித்த மார்க்கத்தைப் பின்பற்றுவதை மட்டும் தயங்காமல் ஒப்புக்கொண்டார். அவர் சொல்லுக்கு எடை கொடுத்தது அந்த ஒப்புதல்தான் என்று நான் நினைக்கிறேன்.

நம் விஷயத்தில் ரசீதுப் புத்தகம், பாஸ்புக், வவுச்சர் மூன்றையும் எடுத்து வைப்போம். ஒரு ரசீது காணவில்லை என்றால், அதை முதலில் சொல்ல வேண்டியவர் நாம்தான்.

இரண்டாம் படி: ஜெபம்

பழி சொன்னவரின் பெயரைச் சொல்லியே ஜெபிப்போம். ஆத்திரம் வருகிறதா? 109ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். பொய்க் குற்றச்சாட்டால் நொந்துபோனவனின் கோபம் அதில் கொதிக்கிறது. ஆனால் அவன் அதைக் கடவுளிடம்தான் கொட்டுகிறான். நாமும் அங்கேயே கொட்டிவிட்டால், நேரில் பேசும்போது வார்த்தை தடிக்காது.

மூன்றாம் படி: தனியே போவது

வரிசை மத்தேயு 18இல் இருக்கிறது. முதலில் நாமும் பழி சொன்னவரும் மட்டும். கேட்காவிட்டால் ஒருவரையோ இருவரையோ கூட்டிக்கொண்டு போவது. அதற்கும் மசியாவிட்டால்தான் சபை. இந்த வரிசை மாறினால் காரியம் கெடும். நேரே போதகரிடம் ஓடினால், பழி சொன்னவர் தன் தவறைத் தனிமையில் திருத்திக்கொள்ள வாய்ப்பே இல்லாமல் போய்விடும்.

வாட்ஸ்அப்பில் எழுதாமல் நேரில் போங்கள். கணக்கைக் கையோடு கொண்டுபோங்கள்.

நான்காம் படி: பொதுவில் பதில்

பேச்சு ஊரெல்லாம் பரவிவிட்டால்? நெகேமியா எருசலேமின் மதிலைக் கட்டியபோது, அதை எதிர்த்த சன்பல்லாத்து நான்கு முறை ஆளனுப்பிக் கூப்பிட்டான். ஐந்தாம் முறை, எல்லோரும் படிக்கும்படி முத்திரை போடாத கடிதத்தில் ராஜதுரோகக் குற்றம் சுமத்தினான். அதில் எதுவும் நடக்கவில்லை, நீயே கற்பனை செய்தாய் என்ற அளவில் நெகேமியா பதில் அனுப்பிவிட்டு வேலைக்குத் திரும்பினார். மதில் 52 நாளில் முடிந்தது (நெகேமியா 6). நம் பதிலும் ஓரிரு வரிதான். கணக்கைத் தணிக்கை செய்யும்படி நாமே கமிட்டியிடம் எழுதிக் கேட்போம். முடிவு வரும்வரை நிதிப் பொறுப்பிலிருந்து விலகி நிற்கவும் முன்வருவோம்.

எவ்வளவு செலவாகும்?

பணம் அதிகம் ஆகாது. நகல் எடுக்க, வெளித் தணிக்கையாளர் வந்தால் அவருக்குக் கட்டணம் கொடுக்க என்று கொஞ்சம் போகும். பெரிய செலவு காலம். பேலிக்ஸ் தீர்ப்பே சொல்லாமல் பவுலை 2 ஆண்டு காவலில் வைத்திருந்தான். கடைசியில் பவுல் ரோமக் குடிமகனுக்குரிய உரிமையைப் பயன்படுத்தி, பேரரசனிடம் மேல்முறையீடு செய்தார். சட்டத்தை நாடுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், அப்போஸ்தலர் 25ஐ வாசிக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு செலவு நட்பு. நமக்கு வேண்டியவர்கள் சிலர் வாய் திறக்க மாட்டார்கள். அந்த வலிக்கும் சேர்த்தே மனதைத் தயார் செய்துகொள்வோம்.

எச்சரிக்கை

ஜெபக்குறிப்பு என்ற பெயரில் எதிராளியின் கதையைப் பத்துப் பேரிடம் சொல்லாதீர்கள். அதுவும் அவதூறுதான்.

அடி, மிரட்டல், பாலியல் அத்துமீறல் என்றால் மூன்றாம் படிக்குப் போகவே வேண்டாம். தனியே சந்திப்பது ஆபத்து. முதலில் பாதுகாப்பான இடம், உடனே காவல்துறை.

மன்னித்த அன்றே பழைய நெருக்கம் திரும்ப வேண்டும் என்றும் இல்லை. தன்னைக் கொல்லத் தேடிய அரசன் சவுல் எங்கேதி குகையில் கைக்கு எட்டியபோதும் தாவீது அவனைக் கொல்லாமல் விட்டார். சவுல் அழுதான், தன் தவறை ஒப்புக்கொண்டான். அப்படியும் தாவீது அவனோடு வீடு திரும்பாமல் தன் அரணுக்கே போனார் (1 சாமுவேல் 24).

மன்னிப்பு சட்டத்தின் வழியை அடைப்பதும் இல்லை. 1999இல் ஒடிசாவில் மிஷனரியான தன் கணவர் கிரஹாம் ஸ்டெயின்ஸையும் இரு மகன்களையும் எரித்துக் கொன்றவர்களை கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் மன்னித்தார். வழக்கு தன் வழியில் நடந்தது. அவர் பாரிபதாவில் தங்கித் தொழுநோயாளர் பணியைத் தொடர்ந்தார்.

கடைசிப் படி

ரோமர் 12, பசித்த பகைவனுக்குச் சாப்பாடு கொடுக்கச் சொல்கிறது. தணிக்கை முடியட்டும் என்று இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பழி சொன்னவர் வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் இன்றைக்கே போய்ப் பார்ப்போம். கணக்கைப் பற்றி அங்கே பேச வேண்டாம்.