ஒரு குதிரை, இரு மரபுகள்

நுழையும் முன்

ஒரே தொழிலை இருவர் இருவேறு முறைகளில் செய்யும்போது, ‘எது சிறந்தது?’ என்னும் வினா எழுவது இயல்பு. ‘ஒவ்வொரு முறையும் எதை நன்கு அறிந்திருக்கிறது?’ என வினவுவது அதனினும் பயன் தரும். குதிரையேற்றத்தின் இரு மரபுகளைக் கொண்டு இதனை அறிவோம்.

பாடம்

உலகில் இன்று பரவலாகக் காணப்படும் குதிரையேற்ற முறைகளுள் ஆங்கில முறை, மேற்கத்திய முறை ஆகிய இரண்டும் குறிப்பிடத்தக்கவை. இங்கு ‘மேற்கத்திய’ என்னும் சொல் ஐரோப்பாவைக் குறிப்பதன்று. அமெரிக்க நாட்டின் மேற்குப் பகுதியைக் குறிப்பது.

மேய்ச்சல் நிலத்தில் வளர்ந்த முறை

ஸ்பானியர் ஆட்சிக்கால மெக்சிகோவில் குதிரையேறி மாடு மேய்த்தவர்கள் ‘வக்கேரோ’ எனப்பட்டனர். அமெரிக்கக் ‘கௌபாய்’கள் இத்தொழிலை அவர்களிடமிருந்தே கற்றனர். நாள் முழுவதும் குதிரையின் மீதே கழியும் வாழ்க்கை அது. ஆகவே அவர்களது சேணம் அகன்று, கனத்து, ஊர்பவரின் எடையைக் குதிரையின் முதுகில் பரப்பித் தாங்குமாறு அமைந்தது. அதன் முன்புறத்தில் ஒரு கொம்பு உண்டு. சுருக்குக் கயிற்றில் மாடு சிக்கியதும் கயிற்றின் மறுமுனையை அக்கொம்பில் சுற்றுவர். ஒரு கை கயிற்றை வீச வேண்டியிருந்தமையால், மறு கை மட்டுமே கடிவாள வாரைப் பற்றியது. தளர்ந்து தொங்கும் வார் கழுத்தின் ஒரு புறத்தில் மெல்லப் பட்டவுடன் குதிரை மறுபுறம் திரும்பும்.

வேட்டைக்களத்தில் வளர்ந்த முறை

ஆங்கில முறை வேட்டையிலும் குதிரைப்படைப் பயிற்சியிலும் உருப்பெற்றது. வேலிகளையும் பள்ளங்களையும் தாண்ட வேண்டியிருந்தமையால் சேணம் சிறிதாய், கனமின்றி, கொம்பின்றி அமைந்தது. வீரர் இரு கைகளாலும் வாரைப் பற்றுவார். அவர் கைக்கும் குதிரையின் வாய்க்கும் இடையே மெல்லிய தொடர்பு இருந்துகொண்டே இருக்கும். குதிரை துள்ளுநடையில் செல்லும்போது அவர் ஓர் அடிக்கு எழுந்து மறு அடிக்கு அமர்வார். இதனால் குதிரையின் முதுகில் விழும் அதிர்ச்சி குறைகிறது.

இம்முறையும் ஒரே நாளில் செம்மை பெற்றதன்று. முற்காலத்தில் தடை தாண்டும்போது வீரர்கள் பின்புறம் சாய்ந்தனர். அதனால் குதிரையின் வாயும் முதுகும் வருந்தின. இத்தாலியக் குதிரைப்படை அலுவலரான ஃபெடரிகோ கப்ரில்லி (1868–1907), ஆளில்லாத குதிரை தானாகத் தாண்டும் விதத்தை உற்றுநோக்கினார். அதற்கேற்ப வீரரும் முன்சாய்ந்து கைகளை நெகிழ்த்தும் முறையை வகுத்தார். அவருக்கு ஆசானாக அமைந்தது குதிரையே.

கொள்வதும் கொடுப்பதும்

ஒவ்வொரு முறையும் தன் தொழில் கேட்டதைக் கற்றது. கேளாததைக் கவனியாது விட்டது. ஆங்கில முறையில் மெல்லிய தொடர்பு நாளடைவில் ஓயாத இழுப்பாக மாறிவிடக்கூடும். இங்கே மேற்கத்திய வீரரிடம் கற்கத்தக்கது விடுவிக்கும் கலை. குதிரை சரியாகச் செய்த அந்நொடியிலேயே அவர் அழுத்தத்தை நீக்குகிறார். அதுவே குதிரைக்குப் புரியும் பாராட்டு. வார் தரையில் விழுந்தாலும் அவ்விடத்திலேயே அமைதியாக நிற்கவும் அவர் குதிரையைப் பழக்குகிறார்.

மேற்கத்திய முறைக்கும் குறை உண்டு. மனிதரைப் போலவே குதிரைக்கும் ஒரு பக்கம் எளிதாகவும் மறுபக்கம் கடினமாகவும் வளையும். தளர்ந்த வாரோடு ஒரு கையால் ஊர்பவர் இதனை உணராது போகலாம். ஆங்கில மரபின் ‘டிரெசாஜ்’ பயிற்சியிலுள்ள வட்டங்களும் வளைவுகளும் பக்கவாட்டு நடையும் இரு பக்கங்களையும் சமமாக வளர்க்கின்றன.

தொடக்கத்தில் இரு மரபுகளும் ஒன்றுபடுவதையும் காணலாம். மேற்கத்திய மரபிலும் இளங்குதிரையை மென்மையான கருவி கொண்டு, இரு கைகளாலும் வாரைப் பற்றியே பழக்குவர். ஒரு கைக்கு வருவது பின்னரே. ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் குதிரையேற்றம் பற்றி நூல் எழுதிய கிரேக்க அறிஞர் செனபோன், குதிரையைச் சினத்துடன் அணுகலாகாது என்றார். அவ்வறிவுரை இரு மரபினருக்கும் பொது.

தம் முறையே முழுமையானது என எண்ணிப் பிறரிடம் கற்க மறுப்பவர்க்கு நேரும் இழப்பு சிறிது. அறியாமை ஊர்பவருடையது, வலியோ குதிரையுடையது. வாய்விட்டுச் சொல்ல இயலாத அவ்வுயிரின் பொருட்டேனும் அவர் கற்றாக வேண்டும்.

சொற்பொருள்

சேணம் – குதிரையின் முதுகில் இடும் இருக்கை
கடிவாளம் – குதிரையைச் செலுத்த அதன் வாயில் பூட்டும் கருவி
வார் – தோற்பட்டை
ஊர்தல் – ஏறிச் செலுத்துதல்

விடை எழுதுக

1. மேற்கத்திய சேணத்தில் கொம்பு அமைந்ததன் காரணம் யாது?
2. கப்ரில்லி கொணர்ந்த மாற்றத்தால் குதிரைக்கு விளைந்த நன்மை யாது?
3. ‘அறியாமை ஊர்பவருடையது, வலியோ குதிரையுடையது’ – விளக்குக.
4. வீட்டில் ஒரு மொழியும் வெளியில் வேறொரு மொழியும் பேசும் நீங்கள், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டு சென்றவை யாவை? ஐந்து தொடர்களில் எழுதுக.